நான்கு யோகங்களில் எது எனக்கு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. வேலை, குடும்பம் எல்லாம் உண்டு. கோயிலுக்குப் போனால் மனம் ஒட்டுவதில்லை, தியானத்துக்கு உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, வேதாந்த நூல்களைப் படிக்கும்போது மட்டும் நேரம் போவதே தெரிவதில்லை. "கர்மம், பக்தி, தியானவழியான ராஜயோகம், ஞானம் என்று நான்கு வழிகள் இருக்கின்றன, அவரவர் இயல்புக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அப்படியானால் என்னுடையது ஞான மார்க்கம்தானே?" என்கிறார்.

இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் அதற்குப் போதாது. சங்கரர், வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் முதல் சூத்திர உரையிலேயே, விசாரத்துக்கு, அதாவது மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு வருகிறவனிடம் நான்கு தகுதிகளை எதிர்பார்க்கிறார். நிலையானது எது, நிலையாதது எது என்ற விவேகம். இவ்வுலக, மேலுலக இன்பங்களில் பற்றின்மை. சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்) முதலான அடக்கங்கள். விடுதலை பெற வேண்டும் என்ற வேட்கை. படிப்பில் ருசி என்பது இந்த நான்கில் இல்லை. புத்திக் கூர்மை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது துணைக்கு வரும், அவ்வளவுதான். வேதாந்தம் படிக்கும்போது கிடைக்கும் உற்சாகத்தில் பெரும்பகுதி, ஒரு நல்ல கணக்கைப் போட்டு முடித்தால் வரும் உற்சாகம். அதில் தப்பில்லை. ஆனால் பதவி உயர்வு தள்ளிப்போன அன்று அந்தப் படிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள்.

அப்புறம், நீங்கள் சொல்லும் "நான்கு வகை மனிதர்கள், நான்கு வழிகள்" என்ற பகுப்பு இதே வடிவில் அவ்வளவு பழையதும் இல்லை. அதை உலகறியச் செய்தவர் விவேகானந்தர். 1893-ல் சிகாகோவில் பேசிய பிறகு, 1895-96-ல் நியூயார்க்கில் நடத்திய வகுப்புகளில்தான் செயல் நாட்டம் உள்ளவன், உணர்ச்சி மிகுந்தவன், அகமுக நாட்டம் உள்ளவன், ஆராய்கிறவன் என்று பிரித்து ஆளுக்கொரு யோகத்தைக் காட்டினார். மேற்கத்திய கேட்போருக்கு அது மிகப் பொருத்தமான விளக்கம். ஆனால் அந்தப் பேச்சுகளிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார்: இந்த நான்கும் ஒரே மனிதரிடம் நிறைவாகவும் சமமாகவும் அமைய வேண்டும், அதுவே தன் லட்சியம், ஒன்றிரண்டு மட்டும் உள்ளவர் ஒருபக்கச் சாய்வு உள்ளவர் என்று. பகுப்பை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், இதை விட்டுவிட்டார்கள். இப்போது இணையத்தில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் "நீங்கள் 60 சதவீதம் பக்தி" என்று முடிவு சொல்லும் தேர்வுகள்கூட வந்துவிட்டன. நேரம் இருந்தால் விளையாடிப் பாருங்கள்.

பழைய நூல்கள் பிரிக்கும் விதம் வேறு. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் இரண்டே நிலைகளைச் சொல்கிறான்: ஆராய்ந்தறியும் சாங்கியர்க்கு ஞான யோகம், யோகியர்க்குக் கர்ம யோகம். ஐந்தாம் அத்தியாயத்தில், இரண்டும் வேறு வேறு என்று பேசுகிறவர்கள் சிறுபிள்ளைகள் என்று சொல்லிவிடுகிறான். ஆறாம் அத்தியாயத்தில் யோகத்தில் ஏற விரும்புகிறவனுக்குக் கர்மம் கருவி, ஏறிவிட்டவனுக்கு அடக்கம் கருவி என்கிறான். அதாவது, ஒரே ஆளுக்கே இன்று ஒன்று, பிறகு வேறொன்று. இங்கே "நீ எந்த ரகம்?" என்ற கேள்வியைவிட "நீ எங்கே நிற்கிறாய்?" என்ற கேள்விதான் முன்னால் நிற்கிறது. மரபு இதை அதிகாரி பேதம், அதாவது தகுதி வேறுபாடு, என்று சொல்லும்.

எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தை இருப்பதிலேயே தெளிவாகச் சொல்லும் இடம் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில், கண்ணன் உத்தவனுக்குச் செய்யும் உபதேசத்தில் வருகிறது. இருபதாம் அத்தியாயத்தின் ஆறு முதல் ஒன்பது வரையான சுலோகங்கள். ஞானம், கர்மம், பக்தி என்று மூன்று யோகங்களைச் சொன்னேன், வேறு உபாயம் கிடையாது என்று தொடங்குகிறான். பிறகு ஆள் பிரிக்கிறான். செயல்களிலும் அவற்றின் பலன்களிலும் சலித்துப்போய் அவற்றை விட்டவர்களுக்கு ஞான யோகம். சலிப்பு வராதவர்களுக்கு, ஆசை உள்ளவர்களுக்குக் கர்ம யோகம். முழுக்கச் சலித்தும் போகாமல், அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டும் இராமல், ஏதோ ஒரு நல்வாய்ப்பால் என் கதைகளில் ஈடுபாடு வந்தவனுக்குப் பக்தி யோகம். சலிப்பு வரும்வரை, அல்லது அந்த ஈடுபாடு பிறக்கும்வரை, கர்மங்களைச் செய்துகொண்டிரு.

கவனித்தீர்களா? இங்கே அளவுகோல் பற்றுதான். நீங்கள் அறிவாளியா, உணர்ச்சிவசப்படுகிறவரா, சுறுசுறுப்பானவரா என்று கண்ணன் கேட்கவே இல்லை. உலகம் உங்களை எவ்வளவு இழுக்கிறது என்று மட்டும் கேட்கிறான். மெத்தப் படித்த ஒருவருக்கு ஆசை நிறைய இருந்தால் அவருக்குக் கர்ம யோகம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு வாழ்க்கை மொத்தமும் புளித்துப்போய் "இது யாருக்கு நடக்கிறது?" என்ற கேள்வி நிஜமாகவே எழுந்துவிட்டால் அவருக்கு ஞானம். நம் வழக்கமான கணிப்பு இங்கே தலைகீழாகிறது.

சலிப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. இடி விழுந்ததுபோல் ஒரு துக்கம் வந்து "எல்லாம் போதும்" என்று தோன்றுவதும் சலிப்புதான், ஆனால் அது நிற்காது. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று நம் வீடுகளில் கிண்டலாகச் சொல்வது இதைத்தான். அர்ஜுனனுக்கு வந்ததும் இதுவே. கீதையை நாம் யுத்தத்தின் நடுவே நடந்த தத்துவ உரை என்று பார்க்கிறோம். அதைத் தவறான மார்க்கத்தைத் தேர்ந்தெடுத்த ஒருவனைத் திருப்பிக் கொண்டுவரும் கதையாகவும் படிக்கலாம். குருமாரைக் கொன்று ராஜபோகம் அனுபவிப்பதைவிடப் பிச்சை எடுத்து உண்பது மேல் என்கிறான் இரண்டாம் அத்தியாயத்தில். கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. பிச்சை எடுத்து வாழ்வது துறவிக்குரிய வழி. ஆனால் அர்ஜுனன் அங்கே வந்து சேர்ந்தது விவேகத்தால் அன்று. கை நடுங்கி, வில் நழுவி, தோல் எரிந்ததால். பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்: "போரிடமாட்டேன் என்று நீ நினைப்பது அகங்காரத்தால். அந்த முடிவு பொய். உன் பிரகிருதியே, உன் பிறவி இயல்பே, உன்னை ஏவும்." காட்டுக்குப் போயிருந்தாலும் அவன் அங்கே ஒரு சண்டையைக் கண்டுபிடித்திருப்பான்.

குறைபாடு இருந்தாலும் தன் தர்மமே மேல், நன்றாகச் செய்த பிறர் தர்மத்தைவிட, என்ற வரி கீதையில் இருமுறை வருவதும் இந்தப் பின்னணியில்தான். அதைச் சாதித் தொழிலை விடாதே என்பதற்கான கட்டளையாக மட்டும் காலங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிகாரம், அதாவது ஒரு வழிக்கான தகுதி, என்ற கருத்து நல்லதற்கு மட்டும் பயன்படவில்லை. பிரம்ம சூத்திரத்தில் சூத்திரர்க்கு வேதம் வழியான பிரம்ம வித்தையில் அதிகாரம் இல்லை என்று நிறுவும் ஓர் அதிகரணம் (பகுதி) உண்டு. சங்கரர், ராமானுஜர் இருவருமே அதை அப்படியே ஏற்று உரை எழுதினார்கள். சங்கரர் விதுரரையும் தர்மவியாதரையும் காட்டி, இதிகாச புராணங்கள் வழியாக எல்லோருக்கும் ஞானம் கிடைக்கும் என்று ஒரு வாசலை வைத்தார். ராமானுஜ சம்பிரதாயத்தில் பக்தி யோகத்துக்கு இருந்த வேலியைப் பிரபத்தி, அதாவது சரணாகதி, தாண்டியது. சரணாகதிக்குக் குலம் தேவையில்லை, வேறு கதியில்லை என்ற உணர்வு ஒன்றே தகுதி. தகுதியற்றவன் என்று உணர்வதே தகுதியாக மாறும் இந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. ஆகவே, இயல்புக்கு ஏற்ற வழி என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், பிறப்பை வைத்துச் சொல்கிறாரா, உங்களைப் பார்த்துச் சொல்கிறாரா என்று முதலில் கவனியுங்கள்.

சைவ சித்தாந்தமும் நான்கு சொல்கிறது: சரியை (கோயில் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம். ஆனால் அவை படிகள். தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்று வரிசை வைத்துப் பாடியது இதைத்தான்:

விரும்பும் சரியைமுதல் மெய்ஞ்ஞானம் நான்கும்
அரும்புமலர் காய்கனிபோல் அன்றோ பராபரமே.

சரி, எல்லாம் படிதான் என்றால் இயல்புக்கு இடமே இல்லையா? இருக்கிறது, வேறு விதமாக. இந்த நான்கையும் தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்று உறவுமுறையாகவும் சொல்வார்கள். அப்பர் அடியவராக நின்றார், சம்பந்தர் பிள்ளையாக, சுந்தரர் தோழராக, மாணிக்கவாசகர் ஞான வழியான சன்மார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாக. இவர்களில் அப்பர் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார் என்று எந்தச் சைவராவது சொல்வாரா? உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர், அதைக் கடைசிவரை விடவில்லை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் சொல்லும் தாச மார்க்கத்தில் கோயிலைப் பெருக்கி மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை தொடுப்பது, விளக்கேற்றுவது என்று கைவேலைதான் அதிகம். அந்த வேலையை அப்பர் எப்படிச் செய்தார் என்பதில் நான்கு படியும் இருந்தது.

பெரியபுராணத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டுங்கள். கண்ணப்பர் இறைச்சியைப் படைத்தார். சாக்கியர் புத்தத் துறவியின் கோலத்தோடே நாளொரு கல்லை இலிங்கத்தின்மேல் எறிந்து, அதையே பூசையாக்கினார். திருநின்றவூர்ப் பூசலார் பணம் திரட்ட முடியாமல் மனத்துக்குள்ளேயே அடிக்கல் முதல் சிகரம் வரை கோயில் கட்டினார். இவர்கள் யாரும் "எனக்கு எது பொருந்தும்?" என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேடன் கையில் இறைச்சி இருந்தது, ஏழையின் கையில் கற்பனை மட்டும் இருந்தது. என் கருத்தில் இயல்பு என்பது இந்த அளவில்தான் வேலை செய்கிறது. நீங்கள் ஏற்கெனவே என்னவாக இருக்கிறீர்களோ அதுவே தொடக்கம். எந்தப் பட்டியலிலிருந்தும் பொறுக்கி எடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன தூக்கத்துக்கு வருகிறேன். தியானத்தில் தூக்கம் வருவதால் யோகம் உங்களுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவசரம். கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையிலேயே இதற்கு மருந்து சொல்கிறார்: மனம் லயத்தில், தூக்கம் போன்ற ஒடுக்கத்தில், ஆழ்ந்தால் எழுப்பு, சிதறினால் அடக்கு. நீங்கள் விரும்பிப் படிக்கும் அத்வைதத்தின் மூல நூல்களில் ஒன்று அது. கீதையும் அதிகம் உண்பவனுக்கும், உண்ணாதவனுக்கும், மிகுதியாகத் தூங்குபவனுக்கும், விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிவரை கைபேசியைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து கண்ணை மூடினால் யாருக்கும் தூக்கம்தான் வரும். அது இயல்பு ஆகாது, தூக்கக் கடன்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கவில்லை. அந்த நூலின் முதல் பாதம் (பகுதி) ஏற்கெனவே ஒருமுகப்பட்ட மனத்துக்கு. சிதறிய மனம் உள்ளவனும் எப்படி யோகத்தில் சேரலாம் என்று காட்டத்தான் இரண்டாம் பாதம் தவம், சுவாத்தியாயம் (நூல் ஓதுதல்), ஈசுவரப் பிரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்) என்று தொடங்குகிறது. வியாசரின் உரையே இப்படித்தான் அறிமுகம் செய்கிறது. முதல் பாதத்திலும் மூச்சு, உள்ளொளி, பற்றற்றவர்களின் மனம், கனவில் கிடைத்த அறிவு என்று பற்றிக்கொள்ளும் பொருள்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் "அல்லது உனக்கு விருப்பமான எதையாவது தியானி" என்று முடிக்கிறார். இவ்வளவு கறாரான நூலில் இவ்வளவு தாராளம்!

கோயிலில் மனம் ஒட்டவில்லை என்பதும் அப்படித்தான். சனிக்கிழமைக் கூட்டத்தில் வரிசையில் நின்று அரை நிமிட தரிசனம் செய்தால் பலருக்கு ஒட்டாது. பக்தி என்றால் அது மட்டுமா? பாகவதத்தில் பிரகலாதன் ஒன்பது வகை சொல்கிறான். முதலாவது கேட்டல். பாட்டோ கதையோ கேட்டு உங்கள் கண் எப்போதாவது கலங்கியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. கலங்கியதே இல்லை என்றாலும் பரவாயில்லை, ஆனால் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஓர் உண்மை ஆளின் கதை. அண்ணாமலை சுவாமி 1928-ல் திருவண்ணாமலைக்கு ரமணரிடம் வந்தார். உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். கொஞ்ச நாள் பணிவிடை செய்த பிறகு, ஆசிரமத்தின் கட்டட வேலைகள் அவர் தலையில் விழுந்தன. சுவர், கோசாலை, உணவுக்கூடம் என்று பத்து வருடங்கள் மேஸ்திரிகளோடும் கல்லோடும் போராடினார். தியானத்துக்குப் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ரமணரிடமிருந்து அடுத்த வேலை வரும். 1938-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. பக்கத்தில் பலாக்கொத்துக்குப் போய்த் தனியே இருந்து சாதனை செய்தார். அதே ரமணர் வேறு பலரை முதல் நாளிலிருந்தே சும்மா இருக்கவிட்டார். சிலரை நாமம் சொல்லச் சொன்னார், சிலர் கிரிவலம் சுற்றினார்கள். அவரே விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். "நான் யார்?" என்று கேட்பதற்கே பெயர்பெற்றவர், விசாரம் அல்லது சரணாகதி, இரண்டில் ஒன்று என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் அடியவரான புலவர் முருகனாருக்காக எழுதிய உபதேச உந்தியாரின் முப்பது பாடல்களில் கர்மத்தில் தொடங்கித்தான் மேலே போகிறார். ஈசனுக்கு ஆக்கிய, பலன் வேண்டாத செயல் மனத்தைத் திருத்தி வழிகாட்டும். உடலால் பூசை, வாக்கால் செபம், உள்ளத்தால் தியானம், ஒன்றைவிட ஒன்று உயர்வு. உயர்வு என்றுதான் சொன்னார். கீழே உள்ளதைத் தாண்டிக் குதி என்று சொல்லவில்லை.

ஒருவனுக்குப் பிடித்த வேலையையே அவனுக்குக் கொடுப்பது இயல்புக்கு ஏற்ற வழி ஆகிவிடாது என்பது இந்தக் கதையில் தெரிகிறது. அண்ணாமலை சுவாமிக்குப் பிடித்தது தனிமை. கிடைத்தது சுண்ணாம்பும் கல்லும். இயல்பின் பலத்தில் நடக்க வேண்டியது ஒரு பக்கம், இயல்பின் குறையைச் சரிசெய்ய வேண்டியது இன்னொரு பக்கம். படிப்பாளிக்குத் தலை கனக்கும், அவருக்குக் கைவேலை வேண்டும். எந்நேரமும் ஓடுகிற ஆளுக்குத் தினம் கால்மணி நேரம் அசையாமல் உட்காரும் பழக்கம் வேண்டும். பாட்டுக் கேட்டாலே உருகுகிறவருக்குக் கொஞ்சம் நூலறிவு வேண்டும், இல்லையென்றால் யார் உருகவைத்தாலும் அவர் பின்னால் போய்விடுவார், போனவர்களைப் பார்த்திருக்கிறோம்.

கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா என்ற கதை உங்களுக்குத் தெரியும். அதன் மூத்த வடிவம் மகாபாரத வனபருவத்தில் இருக்கிறது. தவம் செய்யும் கௌசிகன் மேலே எச்சமிட்ட கொக்கைப் பார்வையால் எரிக்கிறான். பிச்சைக்குப் போன வீட்டில், கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த பெண் அவனைக் காத்திருக்க வைத்து, "நான் கொக்கில்லை" என்கிறாள். அவள் அனுப்பி, மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் போய் உபதேசம் கேட்கிறான். தாய் தந்தையரைக் கவனிப்பதே தன் தவம் என்கிறான் வியாதன். கௌசிகனின் வேதப் படிப்பில் குறையில்லை. அவனுடைய கோபத்தை அந்தப் படிப்பு தொடவே இல்லை, அதுதான் சிக்கல்.

ஆகவே உங்கள் விஷயத்தில் என் யோசனை இது. படிப்பை நிறுத்தாதீர்கள், ஆனால் அகலத்தைக் குறையுங்கள். ஐந்து நூல்களுக்குப் பதில் ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு பத்தி. கீதை பன்னிரண்டாம் அத்தியாயம் நல்ல தேர்வு, இருபதே சுலோகம். உருவமற்றதில் மனம் வைப்பவர்களுக்குச் சிரமம் அதிகம் என்று அதில் ஒரு வரி உண்டு, நீங்கள் தடுக்கி நிற்க வேண்டிய வரி. அதை ஒட்டியே கண்ணன் படிப்படியாக இறங்கி வருவான்: என்னிடம் மனத்தை வை, முடியாவிட்டால் பழக்கத்தால் முயற்சி செய், அதுவும் முடியாவிட்டால் எனக்காக வேலை செய், அதுவும் முடியவில்லையா, பலனை விட்டுவிடு. எந்த வரியில் "ஆமாம், இது என்னால் முடியும்" என்று தோன்றுகிறதோ அங்கே நில்லுங்கள். பலருக்கு அது கடைசி வரியாக இருக்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, அடுத்த சுலோகத்திலேயே கண்ணன் அதைப் புகழ்கிறான்.

கூடவே, யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு, இல்லையென்றால் தெருவில் யாருக்காவது. பாராட்டு வராத வேலையாக இருக்கட்டும். பாராட்டு வராதபோது உள்ளே என்ன எழுகிறது என்று பார்ப்பதுதான் உங்களுக்கான விசாரம். புத்தகத்திலிருந்து எடுத்த "நான் யார்?" கேள்வியைவிட இது கொஞ்சம் காரமாக இருக்கும். இரவு ஏழு மணி நேரம் தூங்குங்கள். காலையில் பத்து நிமிடம் உட்காருங்கள், கண்ணைத் திறந்துகொண்டே.

ஒரு மண்டலம் வழியை மாற்றாமல் இருங்கள். எரிச்சலும் சலிப்பும் வரும், அப்போது வேறு குரு, வேறு மந்திரம், வேறு காணொளி என்று கை தேடும். தேடட்டும். நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு ஒன்றை மட்டும் பாருங்கள்: படிப்பு குறைந்ததில் தவிப்பு கூடியிருக்கிறதா, தணிந்திருக்கிறதா? தணிந்திருந்தால் உங்களுக்குக் கொஞ்சகாலம் கர்ம யோகம், பேச்சே இல்லை. கூடியிருந்து, அதுவும் "தெரிந்தே ஆக வேண்டும்" என்று வேலை நேரத்திலும் குடைந்துகொண்டிருந்தால், சம்பிரதாயமாக வேதாந்தம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரைத் தேடிப் போய் உபநிடதத்தை அடியிலிருந்து கேளுங்கள்.